தொடாமல் அளக்க முடியாது

"விளையாட்டில் ஏது சாதி?" என்று யாராவது ஒருவர் கேட்காத உடற்கல்வித் துறையை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை. கேட்பவர் பெரும்பாலும் நல்ல மனிதராகவே இருப்பார். ஓடுகிறவனுக்குக் கடிகாரம்தான் நீதிபதி, அது சாதி பார்க்காது என்பார். உண்மைதான், கடிகாரம் பார்ப்பதில்லை. ஆனால் நூறு மீட்டர் ஓட்டம் பதினோரு, பன்னிரண்டு நொடிகளில் முடிந்துவிடுகிறது. படிப்பு இரண்டு வருடம் நடக்கிறது. அந்த இரண்டு வருடத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

நாங்கள் என்பது ஏழெட்டுப் பேர். எல்லோரும் சேரியிலிருந்து வந்தவர்கள், எல்லோரும் வீட்டில் முதல் பட்டதாரிகள். மூன்று பேர் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர்கள். ஒருவர் தனியார் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்றுநர். மற்றவர்கள் இந்தப் படிப்பை முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள். ஒவ்வொரு வருடமும் சேர்க்கை நேரத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விண்ணப்பம், சான்றிதழ் சரிபார்ப்பு, உடல்திறன் தேர்வு என்று அலைகிறோம். அப்படி அலைந்ததில் தெரிந்துகொண்டது இது: எங்கள் பிள்ளைகள் உள்ளே போவதில் இன்று பெரிய தடை இல்லை. தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது, அதில் பட்டியல் சாதிக்கு 18, அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3. மாணவர் இடங்கள் நிரம்புகின்றன. உள்ளே போன பிறகு நடப்பதுதான் வெளியே தெரிவதில்லை.

பி.பி.எட். பாடத்திட்டத்தில் 'கினீசியாலஜி மற்றும் பயோமெக்கானிக்ஸ்' என்று ஒரு தாள் உண்டு. எலும்பு, தசை, மூட்டு, நெம்புகோல், ஈர்ப்பு மையம் இவற்றைக் கொண்டு உடல் எப்படி அசைகிறது என்று விளக்குவது. நம்மிடம் ஒரு தாளுக்கு இருக்கும் இந்தப் பெயர், அமெரிக்காவில் ஒரு முழுத் துறைக்கே பெயர். பள்ளிக்கு டிரில் மாஸ்டரைத் தயாரிக்கும் இடமாக இருந்த உடற்கல்வி, ஓர் அறிவுத்துறை என்ற தகுதியைக் கேட்டு எழுந்தபோது வந்த மாற்றம் அது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க்ளின் ஹென்றி 1964இல் எழுதிய கட்டுரை அதற்குப் பெரிய தொடக்கம் என்பார்கள். அந்தத் துறைகளில் பன்முகத்தன்மை, சமவாய்ப்பு, உள்ளடக்கம் என்ற மூன்று சொற்களை வைத்துப் பல வருடங்களாக விவாதம் நடக்கிறது. மைதானத்தில் கறுப்பர்கள் நிறைந்திருக்க, ஆய்வகத்திலும் பேராசிரியர் அறையிலும் ஏன் அவர்கள் இல்லை என்பதே அங்கே அடிப்படைக் கேள்வி.

நம் ஊரில் அந்தக் கேள்விக்கு இன்னொரு முகம் இருக்கிறது.

சாதி என்பது தொடுதலைப் பற்றிய சட்டம். யார் யாரைத் தொடலாம், யார் தொட்ட பாத்திரத்தில் யார் குடிக்கலாம் என்பதுதான் அதன் முதல் விதி. உடல் இயக்கவியலோ தொட்டால்தான் படிக்க முடிகிற படிப்பு. வரலாறு படிப்பவரும் கணிதம் படிப்பவரும் பக்கத்து இருக்கைக்காரரைத் தொடாமலே பட்டம் வாங்கிவிடலாம். இங்கே முடியாது. பக்கத்தில் இருப்பவரின் உடல்தான் இங்கே பாடநூல்.

தோல்மடிப்பு அளவெடுப்பதை எடுத்துக்கொள்வோம். உடலில் கொழுப்பு எவ்வளவு என்று மதிப்பிடச் செய்வது. தோள்பட்டை எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவே, கையின் பின்பக்கத்தில் ஒரு புள்ளி குறிக்க வேண்டும். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலைத் தசையிலிருந்து பிரித்துக் கிள்ளிப் பிடிக்க வேண்டும். பிடித்த இடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே காலிப்பரை வைத்து, ஓரிரு நொடி பொறுத்து மில்லிமீட்டரைப் படிக்க வேண்டும். பிறகு தோள்பட்டைக்குக் கீழே, இடுப்புக்கு மேலே. எல்லாம் வெறும் தோலில்.

எங்களில் ஒருவர் படித்த கல்லூரியில் இந்தச் செய்முறைக்கு, "ரெண்டு ரெண்டு பேரா சேந்துக்குங்கப்பா" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அலைபேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவார். இருபது விநாடியில் வகுப்பு பிரிந்துவிடும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், முகம் சுளிக்கவும் மாட்டார்கள். ஊரும் சேரியும் பிரிகிற மாதிரி தானாகப் பிரியும். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்த ஒரு நாள் ஆதிக்க சாதி மாணவன் ஒருவன் எங்கள் ஆளிடம் வந்து நிற்க வேண்டியதாயிற்று. "சட்டையக் கழட்ட வேணாம், மேலோட்டமாவே எடுத்துக்கலாம்" என்றான். பனியன், சட்டை இரண்டையும் சேர்த்துக் கிள்ளி ஒரு எண்ணைப் படித்தான். தன் முறை வந்தபோது, "எனக்கு நேத்தே எடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டை மட்டும் நீட்டினான். அதில் எண்கள் அழகாக எழுதப்பட்டிருந்தன. இருவருக்கும் முழு மதிப்பெண்.

இதை வன்கொடுமை என்று எந்தக் காவல் நிலையத்திலும் எழுதித்தர முடியாது. திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆனால் அந்தப் பதிவேட்டில் இருப்பது அளவு அல்ல, சாதி. அது அறிவியல் என்ற பெயரில் கோப்பில் இருக்கிறது. மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று கோனியோமீட்டரால் பார்ப்பதிலும், விளையாட்டு மசாஜ் செய்முறையிலும், முதலுதவி வகுப்பிலும் இதே கதைதான். மசாஜில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. பிடித்துவிடுவதற்கு எங்கள் பிள்ளைகள் வேண்டும். படுத்துக்கொள்வதற்கு மட்டும் அவர்கள்.

மைதான வேலையைச் சொல்லாமல் விட முடியாது. சுண்ணாம்புக் கோடு போடுவது எல்லா மாணவருக்கும் பாடம். நீளம் தாண்டும் குழியில் மணலைக் கொத்திப் புரட்டுவதும், உள்ளே கிடக்கும் நாய் மலத்தை அள்ளுவதும் யாருக்கும் பாடமில்லை. ஆனாலும் யாராவது செய்தாக வேண்டும். "தம்பி, உங்களுக்குப் பழக்கம்தானே" என்று மண்வெட்டியை நீட்டிய ஆசிரியரை எங்களில் இரண்டு பேருக்குத் தெரியும். இரண்டும் வேறு வேறு ஊர்க் கல்லூரிகள், வாக்கியம் மட்டும் ஒன்றே. ஆண்டுவிழாவுக்கு மனிதப் பிரமிடு கட்டும்போது கீழ் வரிசையில் யார், உச்சியில் கொடி பிடிப்பவர் யார் என்பதைப் பழைய குழுப் படங்களை எடுத்து நீங்களே பாருங்கள்.

இது புதிதா? பல்வங்கர் பாலுவின் காலத்திலிருந்து நடப்பதுதான். சமர் சாதியில் பிறந்த அந்தச் சுழற்பந்து வீச்சாளர் 1911இல் இங்கிலாந்து சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். அதற்கு முன்பு பூனாவில் ஆடியபோது, அவர் வீசிய பந்தைப் பிராமண ஆட்டக்காரர்கள் தொட்டார்கள். தேநீர் மட்டும் அவருக்குக் கூடாரத்துக்கு வெளியே, தனி மண் குவளையில் வந்தது. பந்து தீட்டுப்படவில்லை, ஏனென்றால் பந்து வெற்றி தந்தது. இந்துக்கள் அணியின் தலைமை கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய தம்பி விட்டல் 1923இல்தான் அணித்தலைவரானார். (இதே பாலு 1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். அது தனிக்கதை, இன்னொரு நாள் பேசலாம்.) உடல் உங்களுடையது, மூளையும் தலைமையும் எங்களுடையது என்ற அதே ஏற்பாட்டைத்தான் இன்றைய துறைகளிலும் பார்க்கிறோம்.

அந்த ஏற்பாட்டுக்கு ஒரு பாராட்டு முகமும் உண்டு. "அவங்களுக்கு உடம்பு இயற்கையாவே வலுவு சார், கூலி வேலை செஞ்ச பரம்பரை இல்லையா" என்று ஒரு தேர்வுக் குழுவில் சொல்லக் கேட்டோம். சொன்னவர் புகழ்வதாகத்தான் நினைத்தார். தலைமுறை தலைமுறையாக அரைவயிறு உண்டவர்களின் உடல் இயற்கையாக எப்படி வலுக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. அதிகாலை நான்கரைக்கு எழுந்து ஏரிக்கரையில் ஓடிய பிள்ளையின் உழைப்பை அந்த 'இயற்கை' என்ற ஒற்றைச் சொல் துடைத்துவிடுகிறது.

இதே பேச்சை 1930களில் அமெரிக்காவில் கறுப்பு ஓட்டக்காரர்களைப் பற்றிப் பேசினார்கள். குதிகால் எலும்பு நீளம், கெண்டைக்கால் தசை வேறு மாதிரி, அதனால்தான் ஜெயிக்கிறார்கள் என்றார்கள். அதைச் சோதித்துப் பார்த்தவர் மான்டேக் காப். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் அறிஞர், உடல்சார் மானிடவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர். அவர் ஜெஸ்ஸி ஓவன்ஸின் காலை அளந்தார். ஓவன்ஸின் கெண்டைக்கால், 'வெள்ளையர் வகை' என்று பாடநூல்கள் சொன்ன வகையிலேயே இருந்தது. கறுப்பு ஓட்டக்காரர்கள் எல்லோருக்கும் பொதுவான, வெற்றிக்குக் காரணமான உடற்கூறு எதுவும் இல்லை என்று 1936இல் ஓர் உடற்கல்வி இதழில் எழுதினார். ஓவன்ஸ் பெர்லினில் நான்கு தங்கம் வாங்கியதும் அதே வருடம்தான். அளவுநாடா எல்லோரிடமும் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வியை அந்தக் காலிடம் அப்படிக் கேட்க, அந்தக் காலுக்குச் சொந்தமான மக்களிலிருந்து ஒருவர் ஆய்வகத்துக்குள் வர வேண்டியிருந்தது.

நம் பக்கம் அப்படி ஒருவர் இல்லாதபோது என்ன நடந்தது என்பதற்குச் சாந்தி சௌந்தரராஜன் இருக்கிறார். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி, செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பிறகு பாலினச் சோதனை, பிறகு பதக்கப் பறிப்பு. ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய மருத்துவத் தகவல் நாடு முழுக்கத் தொலைக்காட்சிச் செய்தியாக ஓடியது. அவர் திரும்பவும் சூளைக்கே கூலிக்குப் போனார். அந்த நாட்களில் இந்த நாட்டின் எத்தனை உடற்கல்வித் துறைகள், எத்தனை விளையாட்டு மருத்துவர்கள், எத்தனை உடலியங்கியல் பேராசிரியர்கள் வாய் திறந்தார்கள்? பெண் உடல் என்பது ஒரே அச்சில் வார்த்ததல்ல என்பது அவர்கள் பாடத்தில் இருப்பதுதானே? சாந்தி பிறகு பயிற்றுநர் பட்டயம் பெற்று, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் தடகளப் பயிற்றுநர் ஆனார். அது அவரும் அவருக்காகப் போராடியவர்களும் சாதித்தது. துறைகள் செய்தது எதுவும் இல்லை.

ஆகவே எங்களுக்கு மாணவர் எண்ணிக்கையைவிட முக்கியமான கணக்கு, காலிப்பரைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பவர் யார் என்பது. அதாவது ஆசிரியப் பணியிடம்.

இங்கே ஒரு சூட்சுமத்தை விளக்க வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களிலேயே பலருக்கு இது தெரிவதில்லை. ஆசிரியர் நியமனத்தில் இடஒதுக்கீட்டைக் கணக்கிடப் பல்கலைக்கழகம் முழுவதையும் ஒரே அலகாக எடுத்தால் ஒரு விளைவு, ஒவ்வொரு துறையையும் தனித்தனி அலகாக எடுத்தால் வேறு விளைவு. அலகாபாத் உயர்நீதிமன்றம் 2017இல் துறைதான் அலகு என்றது. அதைப் பின்பற்றி யு.ஜி.சி. 2018 மார்ச்சில் சுற்றறிக்கை விட்டது. அந்த 13 புள்ளி சுழற்சி முறையில் நான்காவது இடம் பிற்படுத்தப்பட்டோருக்கு, ஏழாவது இடம் பட்டியல் சாதிக்கு, பதினான்காவது பழங்குடியினருக்கு. உடற்கல்வித் துறை பல இடங்களில் ஐந்தாறு ஆசிரியர் கொண்ட சின்னத் துறை. ஏழாவது நாற்காலியே இல்லாத அறையில் எங்களுக்கு ஏழாவது நாற்காலி! நாடெங்கும் போராட்டம் நடந்து, 2019இல் முதலில் அவசரச் சட்டம், பிறகு நாடாளுமன்றச் சட்டம் வந்து, மத்தியக் கல்வி நிறுவனங்களில் நிறுவனமே அலகு என்று ஆனது.

ஆனது சரி. ஆனால் மொத்தக் கணக்கில் வரும் பட்டியல் சாதி இடம் எந்தத் துறையில் விழும் என்பது இன்னும் மேலே இருப்பவர்களின் கையில்தான். விழுந்தாலும் "தகுதியானவர் எவரும் கிடைக்கவில்லை" என்று ஒரு வரியில் கோப்பை மூடலாம். அந்தத் தகுதி எங்கே உருவாகிறது? பிஎச்.டி.யில். பிஎச்.டி.க்கு நெறியாளர் வேண்டும். நெறியாளரின் ஆய்வகச் சாவி வேண்டும். எங்கள் தங்கை ஒருத்தி, மாநில அளவில் ஈட்டி எறிந்தவள், எம்.பி.எட். முடித்துவிட்டு நெறியாளர் தேடி எட்டு மாதம் அலைந்தாள். "ஏம்மா, நீ நல்ல அத்லெட். கோச்சிங் போயிடு, ரிசர்ச்சுலாம் எதுக்கு" என்று மூன்று பேர் சொன்னார்கள். நல்ல அத்லெட் என்பது அவளுக்கு மட்டும் கதவடைக்கும் காரணமாயிற்று. இப்போது ஒரு தனியார் பள்ளியில் ஒப்பந்த வேலையில் இருக்கிறாள்.

இதெல்லாம் ஆசிரியர் அறைச் சண்டை என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். இந்தத் துறைகள் உற்பத்தி செய்வது பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களை. அணி பிரிப்பவர் அவர். யார் கேப்டன், யார் தண்ணீர் எடுத்து வருவது என்று முடிவு செய்பவர் அவர். சட்டையைக் கழற்றிப் பனியனோடு நிற்கும் பையன்களின் மணிக்கட்டில் என்ன நிறக் கயிறு என்று முதலில் பார்ப்பவரும் அவரே. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் இந்தச் சாதிக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் பதினோராம் வகுப்புத் தலித் மாணவர் ஒருவரைப் பேருந்திலிருந்து இழுத்து வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் தங்களைத் தோற்கடித்ததைப் பொறுக்காமல் செய்தார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். கபடி, பிடித்து விளையாடும் ஆட்டம். தொட்டால்தான் புள்ளி. பரீட்சைத் தேர்ச்சிக்காக இரண்டு வருடம் சட்டைக்கு மேல் கிள்ளிவிட்டு வந்த ஒருவர், அந்த ஆட்டத்துக்கு நடுவராக நின்று என்ன கற்றுக்கொடுப்பார்?

எங்கள் பிள்ளைகளில் ஓரிருவர் கினீசியாலஜி படிக்க அமெரிக்கா போகும் கனவில் இருக்கிறார்கள். அங்கேயும் நம்மவர்கள் சாதியை மூட்டை கட்டி எடுத்துப் போயிருக்கிறார்கள் என்பதை அவர்களிடம் மறைப்பதில்லை. 23 வளாகங்கள் கொண்டிருந்த கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022 ஜனவரியில் தன் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதியையும் சேர்த்தது. தலித் மாணவர்கள் உள்ளிட்ட பலர் போராடிப் பெற்றது அது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக் மேடையில் முஷ்டி உயர்த்திய டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் படித்த சான் ஹோசே அதன் வளாகங்களில் ஒன்று. ஆனால் அதே நாட்டில் டெக்சாஸ் மாநிலம், அரசுப் பல்கலைக்கழகங்களின் பன்முகத்தன்மை அலுவலகங்களை 2024 ஜனவரி முதல் சட்டம் போட்டு மூடிவிட்டது. நல்லெண்ணமாகத் தந்ததை ஒரு கையெழுத்தில் திரும்ப வாங்கலாம் என்று அதைப் பார்த்துப் புரிந்துகொண்டோம். பாபாசாகேப் நமக்கு அதை உரிமையாக எழுதி வைத்ததன் அருமை அப்போது இன்னும் கூடித் தெரிந்தது.

எனவே எங்கள் கோரிக்கைகள் மிகச் சாதாரணமானவை. செய்முறை வகுப்பில் ஜோடியை ஆசிரியர் வரிசை எண்படி போட வேண்டும், வாராவாரம் மாற்ற வேண்டும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. மைதான வேலைக்குச் சுழற்சிப் பட்டியல் சுவரில் ஒட்ட வேண்டும். யு.ஜி.சி.யின் 2012 சமத்துவ விதிமுறைகள் சொன்ன பாகுபாட்டுத் தடை அலுவலர் யார் என்று மாணவருக்குத் தெரிய வேண்டும், அவர் துறைத்தலைவரின் நண்பராக இருக்கக் கூடாது. உடலை அளந்த வரலாற்றில் காப்பும் சாந்தியும் பாடமாக வேண்டும். ஆய்வு நெறியாளர் ஒதுக்கீடு கதவைத் தட்டிக் கேட்கிற யாசகமாக இல்லாமல் வெளிப்படையான பட்டியலாக வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு அளவெடுக்கத் தனி அறையும் பெண் ஆசிரியரும் வேண்டும் என்பதையெல்லாம் கோரிக்கை என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கேட்டுக்கொண்டே இருப்பதில் நம்பிக்கை போய்விட்டதால், இந்த மாதம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுக்கள் போடத் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொரு அரசு, அரசு உதவிபெறும் உடற்கல்வித் துறைக்கும் நான்கு கேள்விகள். ஆசிரியர் பணியிட இனச்சுழற்சிப் பதிவேட்டின் நகல். கடந்த பத்தாண்டுகளில் பிஎச்.டி. சேர்க்கை, வகுப்புவாரியாக, நெறியாளர்வாரியாக. நிரப்பப்படாத பட்டியல் சாதி, பழங்குடிப் பணியிடங்களும் அதற்குக் கோப்பில் எழுதிய காரணமும். பாகுபாட்டுத் தடை அலுவலரின் பெயரும் அவருக்கு வந்த புகார்களின் எண்ணிக்கையும். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். உங்கள் மாவட்டத்தில் இருக்கும் துறைக்கு நீங்கள் போடுங்கள், தோழர்களே. பதில் வந்தாலும் வராவிட்டாலும் நகலை எங்களுக்கு அனுப்புங்கள், வந்ததை வந்தபடி இங்கேயே வெளியிடுவோம்.